கம்பளி போர்த்த கிற்றார்

புதுக் கிற்றாரை வாங்கிய கிழமையிலேயே அதைத் திட்டத் தொடங்கிவிட்டேன். பார்க்க அழகுதான். கடல் நீலம், வழவழவென்ற கழுத்து, கைக்கு அடக்கமான உடம்பு. ஆனால் வாயைத் திறந்தால் கம்பளிக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருந்தது. மெல்லிய கம்பியைத் தட்டினால் 'ணிங்' என்று குத்த வேண்டாமா? 'ணம்' என்று உட்கார்ந்துவிடும். பழைய கிற்றாரை வெள்ளவத்தைக் கடற்காற்று துருப்பிடிக்க வைத்துத் தின்று முடித்தது. அதாவது வயசான சாவு. இது பிறவிக் குறை என்று முடிவு கட்டினேன்.

குறை பிக்கப்பில்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எலக்ட்ரிக் கிற்றாரின் காது அதுதானே. கம்பிகளுக்குக் கீழே காந்தத்தைச் சுற்றி மயிரிழை மாதிரிச் செப்புக் கம்பி சுற்றியிருக்கும். மேலே கம்பி ஆடுவதை அது பிடித்து அம்பிளிஃபையருக்கு அனுப்பும். அது மந்தமென்றால் நீ தலைகீழாக நின்று வாசித்தாலும் சத்தம் மந்தம்தான். இணையத்தில் தேடினேன். அதே கிற்றாரை வாங்கிய உலகத்தார் பலரும் அதே ஒப்பாரி வைத்திருந்தார்கள். கிற்றார் நல்லது, கொம்பனி போட்ட பிக்கப்பைக் கழற்றி எறி என்று எழுதியிருந்தார்கள். ஊரோடு ஒத்த கருத்து என்று கண்டதும் எனக்குப் பெரிய நிம்மதி.

இவ்வளவு பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் இளந்தாரியாக இருந்த காலம் தொட்டு எலக்ட்ரிக் கிற்றார் என்றால் நான்தான். கலியாணம் முடித்து, வீடு மாறி, வெள்ளவத்தைக்கு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு புறக்கோட்டையில் பஸ் மாறிப் போவேன். அந்தக் குழுவை நடத்துகிற ரீச்சர், என்னை விட மூத்தவர், ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தத் திருவிழாவுக்கு எலக்ட்ரிக் இல்லாமல் செய்வமோ எண்டு யோசிக்கிறன். கீபோர்டும் சாதாரணக் கிற்றாரும் காணும்தானே?"

சாதாரணக் கிற்றார் வாசிக்கிறவன் போன வருஷம் வந்தவன். "ரீச்சர், சத்தம் சரியில்லை எண்டு எனக்கும் தெரியும். பிக்கப்தான் பிழை. மாத்திப்போட்டு வாறன், கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ" என்றேன். ரீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, "சரி தம்பி" என்று போய்விட்டார்.

மனைவியின் தம்பி கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரவிருந்தான். அவனிடம் சொல்லி நல்ல பிக்கப் மூன்று எடுப்பித்தேன். சொக்லட்டுகளுக்கும் வாசனைச் சவர்க்காரங்களுக்கும் நடுவில், காலுறைக்குள் சுருட்டி வைத்த காந்தங்களைக் கண்டு விமான நிலையத்தில் அவனை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டார்களாம். "அத்தான், உங்களால நான் இண்டைக்கு உள்ள போயிருப்பன்" என்றான். அவன் திரும்பிப் போகும்வரை சாப்பாட்டு மேசையில் எனக்கு வேறு கதை இருக்கவில்லை. காந்தத்தின் வகை என்ன, கம்பி எத்தனை சுற்று என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் என் மனைவிக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. நான் நீட்டி முழக்கும்போது நடுவில் விரலை மடக்கி மேசையில் டொக் டொக் என்று தட்டுவாள். 'முடியுங்கோ' என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு கதையைச் சுருக்கிவிடுவேன். அன்றும் தட்டினாள். தம்பியின் முன்னால் இப்படி அவமானப்படுத்துகிறாளே என்று கோபம்தான் வந்தது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் வேலையைத் தொடங்கினேன். மருதானையில் வாங்கிய ஈயமும் சூட்டுக்கோலும் மேசையில். எங்கள் மகள் ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கிருலப்பனையில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறாள். ஞாயிறுகளில் அதே பாடகர் குழுவில் கீபோர்ட் வாசிப்பதும், எல்லோருடைய சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்சரைப் பார்ப்பதும் அவள்தான்.

வீடு மூன்றாம் மாடி. வந்து இரண்டு வருஷம். கடற்கரை ரயில் போகும்போது கண்ணாடி அதிரும், மற்றபடி அமைதி. கொட்டாஞ்சேனை வீட்டில் பல்லிச் சத்தமும் பக்கத்து வீட்டுச் சண்டையும் சேர்ந்தே கேட்கும், இங்கே இரண்டும் இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பேன். துறைமுகத்தில் ஜெனரேட்டர்களோடு பகல் முழுக்க மாரடிக்கிறவனுக்கு அந்த அமைதி பெரிய காரியம்.

கம்பிகளைத் தளர்த்திக் கழற்றி, முன் தகட்டைத் திருப்பிப் போட்டேன். பழைய பிக்கப்பின் அடியில் ஒரு மலிவுக் காந்தக் கட்டியைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். "பாத்தியே பிள்ளை, இதாலதான்!" என்று மகளுக்குக் காட்டினேன். புதியதில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனிக் காந்தம். மேசையில் கிடந்த திருகாணிகள் தாமாக ஓடிப்போய் அதில் ஒட்டிக்கொண்டன. ஒரு வயரைச் சுவிச்சுக்கும் மற்றதை வொல்யூம் குமிழின் முதுகுக்கும் ஒட்டினேன். கம்பி பூட்ட முதல், அம்பிளிஃபையரைப் போட்டுத் திருப்புளியால் காந்தங்களைத் தட்டிப் பார்த்தேன். மூன்றும் டக் டக் என்று பதில் சொல்லின. பிறகு கம்பி பூட்டிச் சுருதி சேர்த்து, அம்பிளிஃபையரில் சத்தத்தின் கூர்மையைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழை வழக்கம்போல் முழுக்கக் கூட்டி வைத்துக்கொண்டு, ஒரு அடி அடித்தேன்.

அதே கம்பளி.

பழையதற்கும் புதியதற்கும் ஏதோ ஊசிமுனை அளவு வித்தியாசம் இருக்கலாம். அதற்கா இந்தப் பாடு? மகளைப் பார்த்தேன். தோளைக் காதுவரை உயர்த்திக் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

"என்ன?"

"ஒண்டுமில்லை அப்பா."

கீழ் வீட்டு நாய் ஊளையிடத் தொடங்கியது. ரயில் வருகிறதாக்கும் என்று நினைத்தேன். ரயில் வரவில்லை.

ஒட்டிய இடங்களையெல்லாம் மறுபடி ஒட்டினேன். வயரை மாற்றினேன். பிறகு எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மச்சானுக்கு எவனோ போலிச் சாமானைத் தலையில் கட்டியிருக்கிறான். உடனே கனடாவுக்கு ஃபோன் போட்டு, "டூப்ளிகேட் சாமானை ஏன்டாப்பா கொண்டு வந்து தந்தனீ?" என்று கத்தினேன். அங்கே விடிகாலை. பாவம், அவன் நித்திரைப் பாயில் இருந்து மன்னிப்புக் கேட்டான். அடுத்த அறையிலிருந்து மனைவி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"என்ர தம்பி அதைக் காவிக்கொண்டு வந்து விமான நிலையத்தில நிண்டு சீரழிஞ்சவன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். முதல் கிற்றார் பிழை, பிறகு பிக்கப் பிழை, இப்ப என்ர தம்பி பிழையோ?"

அந்தப் பழமொழி என்னைச் சுட்டது. இத்தனை வருஷம் ஆடியவனைப் பார்த்து ஆடத் தெரியாதவன் என்கிறாளே! அன்று இரண்டு பேரும் கதைக்கவில்லை.

மறுநாள் ஒத்திகைக்கு நான் முன்கூட்டியே போய்விட்டேன். மகள் சிநேகிதியோடு வருவதாகச் சொல்லியிருந்தாள். ஒலி சரியில்லாவிட்டால் மிக்சரிலாவது ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றிப் பார்ப்போம் என்று, ஒருநாளும் தொடாத அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போனேன். 'கிற்றார்' என்று ஒட்டியிருந்த வரிசையில் பார்த்தேன். ட்ரெபிள் குமிழ் இடது பக்கம் கடைசிவரை திருகப்பட்டு, ஒருவரும் அசைக்காதபடி அதற்கு மேலே டேப் ஒட்டப்பட்டிருந்தது. ஓரமெல்லாம் அழுக்கேறிய பழைய டேப்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. எவனோ வேண்டுமென்று என் சத்தத்தின் கழுத்தை நெரித்து வைத்திருக்கிறான்! டேப்பை உரித்தெறிந்து குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தேன். அதற்குள் ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள், மகளும் வந்துவிட்டாள். கிற்றாரைப் பூட்டி, திருவிழாப் பாட்டின் முன்னிசையைத் தொடங்கினேன்.

ஆண்டவரே, என்ன சத்தம்! 'ணிங்' என்றது. கம்பளியைக் கழற்றி எறிந்துவிட்டு என் கிற்றார் எழுந்து நின்றது. புதுப் பிக்கப்பின் ஒவ்வொரு காந்தமும் தனித்தனியாகப் பேசியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்னிசையை முழுக்க வாசித்து முடித்து, பார்த்தீர்களா என்று நிமிர்ந்தேன்.

எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

ரீச்சர், டிரம்ஸ்காரன், பாடுகிற பிள்ளைகள், அந்தச் சாதாரணக் கிற்றார்க்காரன், எல்லோரும். மகள் மட்டும் காதைப் பொத்தவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஆர் அந்தக் குமிழைக் குறைச்சது?" என்று கேட்டேன்.

"நான்தான் அப்பா" என்றாள் மகள். "கோவிக்காதேங்கோ. நீங்கள் அம்பிளிஃபையரில கூட்டக் கூட்ட நான் இஞ்ச குறைச்சனான்."

"பிள்ளையில பிழையில்லை" என்றார் ரீச்சர். "நான்தான் செய்யச் சொன்னனான். உங்கட சத்தம் வரவர ஊசி மாதிரிக் குத்தினது. உங்களிட்டச் சொல்ல ஒருத்தருக்கும் மனம் வரேல்லை தம்பி."

எங்கள் குழுவின் வழக்கம் அது. மூத்தவனை முகத்துக்கு நேரே பிழை சொல்வதில்லை, சரிக்கட்டிக்கொண்டு போவோம். சுதி விலகிப் பாடிய ஒரு பெரியவருக்கு நானே எத்தனையோ வருஷம் மைக்கைத் தள்ளி வைத்திருக்கிறேன். அந்த மரியாதை எனக்கும் நடந்துகொண்டிருந்திருக்கிறது என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஒத்திகையை முடிக்காமல் கிற்றாரைப் பைக்குள் போட்டேன். மகளும் பின்னால் வந்தாள். ஓட்டோவில் வெள்ளவத்தை வரும்வரை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அது இன்னும் பயத்தைத் தந்தது.

வீட்டில் மகள் நடந்ததைச் சொன்னாள். மனைவி முதல் நாள் சண்டையை மறந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். மூன்று பேரும் அந்த மேசையைச் சுற்றி. பொழுது பட்டுக்கொண்டிருந்தது. யாரோ லைட்டைப் போட்டார்கள். நான் விடாமல் பேசினேன். அந்த மண்டபம் எதிரொலிக்கிற மண்டபம் என்றேன். அம்பிளிஃபையர் பழசு என்றேன். இந்தக் காலத்து ஆட்களுக்குக் கூர்மையான சத்தம் பிடிக்காது, அது ரசனை வித்தியாசம் என்றேன். பேசப் பேச என் வாதம் எனக்கே வலுவாகத் தெரிந்தது.

மனைவி மெதுவாக, "ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுவம் என்னப்பா. சும்மா காட்டி வைப்பம்" என்றாள்.

"டொக்டர் என்னத்துக்கு? பழைய பிக்கப் பிழை, அதை நான் மாத்திப்போட்டன். என்ர காதுக்கு ஒரு குறையும் இல்லை!"

டொக் டொக் டொக்.

மனைவி மேசையில் தட்டினாள். அதே நொடியில், மேசையின் மற்றப் பக்கத்திலிருந்து மகளும் தட்டினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவுமில்லை. மனைவியின் உதடு பழக்கத்தில், "உண்மை, உண்மை" என்று முணுமுணுத்தது.

கதையை முடிக்கச் சொல்லித் தாயும் மகளும் சேர்ந்துகொண்டார்களா என்று எனக்குச் சுரீரென்றது. பிறகு அவர்கள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். டியூப் லைட்டின் ஓரத்தில் ஒரு பல்லி. நல்ல வளர்த்தியான பல்லி. அதன் தொண்டை துடித்துக்கொண்டிருந்தது.

இத்தனை நாளும் அவள் எனக்குத் தட்டவில்லை. நான் கதைக்கும்போதெல்லாம் அந்தப் பல்லி சொல்லியிருக்கிறது, அவள் அதற்குத் தட்டியிருக்கிறாள். பல்லியே இல்லாத வீடு என்று ஊரெல்லாம் பெருமையடித்தவன் நான். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். தட்டிய கையை மேசையிலிருந்து எடுக்க மறந்து அப்படியே இருந்தாள். அவளுக்கும் அப்போதுதான் விளங்கியது.

கதைக்கும்போது பல்லி சொன்னால் அது உண்மை என்பார்கள், கேட்டவர்கள் தட்டி ஆமோதிப்பார்கள். என் காதுக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் சொன்னதற்கு அது சாட்சி சொல்லியிருக்கிறது. அந்தச் சாட்சி கேட்காதவன் அந்த மேசையில் நான் ஒருவன்தான்.