சனியை அருகில் காட்டிய குற்றம்

தொலைநோக்கியில் வானம் பார்க்கத் தொடங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான்.

அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். திருப்பூரில் சின்னச்சாமி என்பவரின் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். கீழ்த்தளத்தில் அவருடைய பனியன் கம்பெனி. என் சன்னலைத் திறந்தால் தெரிவது பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த்தொட்டி மட்டுமே. வானம் வேண்டுமென்றால் மொட்டைமாடிக்குத்தான் போக வேண்டும். என்னைப் போலவே ஓய்வுக்காலத்தில் தொலைநோக்கி வாங்கி அவதியுறும் அன்பர்கள் இதைப் படித்தாவது ஆறுதல் அடையட்டும்.

கடையில்

முதல் தொலைநோக்கியைக் கையால் தொட்டுப் பார்த்தே வாங்க வேண்டும் என்று கேமராக் கடை ஒன்றுக்குச் சென்றேன். தொலைநோக்கிக்கு உயிர் அதன் கண்ணாடியின் விட்டம். எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்ற விளம்பரத்தை நம்பக் கூடாது. தாங்கும் கால்கள் ஆடக் கூடாது. இவ்வளவையும் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

"இதன் விட்டம் என்ன?" என்று கேட்டேன். விற்பனையாளர் பெட்டியை நாலாபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐநூறு மடங்குங்க" என்றார். விட்டம் கேட்டால் மடங்கு சொல்பவரை என் வகுப்பாக இருந்தால் எழுப்பி நிறுத்தியிருப்பேன். நான் பெட்டியைத் தள்ளி வைத்ததைப் பார்த்து, பொருளில் எனக்கு மனம் ஒட்டவில்லை என்று எண்ணிக்கொண்டார் போலும். குரலைத் தாழ்த்தி அவர் சொன்னதைக் கேட்டவுடன் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

"ஏனுங்கம்மா, இத வாங்கிட்டுப் போனா, எதுத்த பிளாட்டுல என்ன கொழம்பு கொதிக்குதுன்னே கண்டுபுடிச்சுப் போடலாமுங்க!"

நிலவுக்கு வந்த சோதனை

கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து, ஐந்து அங்குலக் கண்ணாடி உள்ள ஒன்றை வரவழைத்தேன். கடைக்காரரின் ஐநூறு மடங்குக் கதையை நான் சொல்லக் கேட்டுச் சிரித்த சின்னச்சாமி மறுபேச்சின்றிச் சாவியைத் தந்தார். கம்பெனியில் கழித்துப் போட்ட இஸ்திரி மேசை ஒன்றையும் மாடிக்கு ஏற்றித் தந்தார். அவர் குணத்தில் குறை சொல்ல மாட்டேன். கீழே எந்திரங்கள் ஓடும்போது மாடி அதிரும். மாடி அதிர்ந்தால் நிலவு நடுங்கும். ஆகவே மாலைத் தேநீர் இடைவேளைதான் என் ஆய்வு நேரம்.

கம்பெனியில் துணிகளைச் சரிபார்க்கும் முத்துமாரி மதுரைப் பக்கத்துப் பெண். ஒருநாள் தேநீர்க் குவளையோடு மேலே வந்தாள். நிலவைக் காட்டினேன். அதன் குழிகளைக் கண்டு மனிதகுலமே வியந்து நின்ற வரலாற்றைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் ஒரு கண்ணை மூடி, மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, பனியனைப் பார்ப்பதுபோலவே பார்த்தாள்.

"என்ன டீச்சர் இம்புட்டு ஓட்ட? எங்க டேபிளுக்கு மட்டும் வந்துச்சு, அப்பவே ரிஜெக்ட்டுல தூக்கிப் போட்டுருவேன்!"

சாயம் ஏறாத விண்மீன்

என் பழைய மாணவன் கதிர்வேல் இன்று ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிறான். நான் சொன்னேன் என்று அவனும் தொலைநோக்கி வாங்கினான். மறுவாரமே பல்லடத்துக்கு அருகிலுள்ள தன் தோட்டத்துக்கு என்னை அழைத்துப் போனான். ஓரியன் கூட்டத்தின் வாள் பகுதியில் ஒளிமேகம் மிகத் தெளிவாகத் தெரிந்தது, எனக்கு மெய்சிலிர்த்தது. அவனோ தொலைநோக்கியின் அட்டைப்பெட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அதில் அச்சிட்டிருந்த செந்நீலப் படத்தையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வண்ணங்கள் நீண்ட நேரம் ஒளி வாங்கிய கேமராவுக்கே கிட்டும், மனிதக் கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத்தான் தெரியும் என்று விளக்கினேன். பள்ளியில் முதல் வரிசையில் அமர்ந்து பாடம் கேட்டவன், மரியாதை குறையாமல் இப்படிச் சொன்னான்:

"அதெல்லாஞ் சரிங்க டீச்சர், ஆனா காட்டுன சாம்பிள் ஒண்ணு, வந்த சரக்கு ஒண்ணா இருக்குதுங்களே, கலரே ஏறல, டையிங்குக்குத் திருப்பி அனுப்பிப் போடலாமுங்களா?"

நேருக்கு நேர்

தை மாத மாலை ஒன்றில் சின்னச்சாமியும் அவர் மனைவி சரஸ்வதியும் மேலே வந்தார்கள். தென்மேற்கில் என் பெருமைக்குரிய காட்சி தயாராக இருந்தது. சின்னச்சாமி குனிந்து பார்த்தார். "அட! கோலிக்குண்டுல ஊசி குத்தி வெச்சாப்புல இருக்குதுங்க!" என்று குழந்தைபோல் மகிழ்ந்தார். வளையம் நமக்குப் பக்கவாட்டில் திரும்பியிருப்பதால் ஊசிபோல் தெரிகிறது என்றேன். அறுபது மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள் என்றேன். "இது எந்த நட்சத்திரமுங்க?" என்றார். "நட்சத்திரம் இல்லை, கோள். சனி" என்றேன்.

மின்சாரம் தாக்கியவர்போலப் பின்னால் துள்ளினார். தொலைநோக்கி விழாமல் நான்தான் தாங்கிப் பிடித்தேன். சரஸ்வதி கணவரின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"கோயில்லயே நாங்க எதுக்க நிக்காம ஓரமா நின்னு கும்புட்டுட்டு வர்றமுங்க, நீங்க இழுத்துப் பக்கத்துல வெச்சு, நேருக்கு நேரா பாக்க உட்டுட்டீங்களே டீச்சர்!"

பூட்டு

சில நாள்களில் சின்னச்சாமியின் பெரிய ஆர்டர் ஒன்றை வெளிநாட்டுக்காரர்கள் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அன்று மாலை நான் படியேறியபோது மாடிக்கதவில் புதிய பூட்டுத் தொங்கியது. என்னிடமிருந்த சாவி அதில் நுழையவில்லை. என் எஞ்சிய மாலைகள் முழுவதும் கதவுக்கு அப்பால் இருந்தன.

கீழே போய் வாதாடினேன். சனி இங்கிருந்து நூறு கோடிக் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது என்றேன். நீங்கள் பார்த்த மாலையில் அது திருப்பூர் முழுவதன் மேலும்தானே நின்றது, மற்ற கம்பெனிகளுக்கு ஏன் ஒன்றும் நேரவில்லை என்று கேட்டேன். இதற்குப் பதில் இருக்காது என்று உறுதியாக நம்பினேன். சின்னச்சாமி கைகூப்பியபடியே சொன்னார்:

"ஊருக்கெல்லாம் அது பொட்டாட்டந்தானுங்களே இருந்துச்சு, எனக்கு மட்டுந்தானே டீச்சர், அறுவது மடங்கு பெருசு பண்ணிக் காட்டுனீங்க!"

பரிகாரம்

அந்த வாரம் தொலைநோக்கிக்கு உறை போட்டு, கதிர்வேலிடமே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். அப்போது சின்னச்சாமி வாசலில் வந்து நின்றார். ஆர்டர் இன்னும் நிற்கிறது என்றார். கையில் சாவி இருந்தது.

"டீச்சர், குரு எந்தப் பக்கமுங்க நிக்கறாரு?"

வியாழனைத்தான் கேட்கிறார்; சனி கெடுத்ததைக் குரு சரிசெய்வார் என்ற கணக்கு. கிழக்கே நன்கு மேலேறி நிற்கிறது, நான்கு துணைக்கோள்களும் தெரியும் என்றேன். ஆனால் அதைப் பார்த்தால் நன்மை உண்டாகும் என்ற பொய்யை என் வாய் சொல்லாது. ஆர்டர் வராவிட்டால் மறுபடியும் பூட்டுவீர்கள் என்றால் சாவி எனக்கு இப்போதே வேண்டாம் என்றும் சொன்னேன். சொல்லும்போது என் கண் சாவியைவிட்டு அகலவில்லை என்பதையும் மறைக்கவில்லை. அவர் சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, எனக்கு முன்னால் படியேறினார்.

"நம்பற வேலைய நா பாத்துக்கறனுங்க, இனிப் பூட்டவும் மாட்டனுங்க; நீங்க குருவ நேரா வெச்சு உடுங்க, ஆனா இந்தத் தடவ அறுவதோட நிறுத்திப் போடாதீங்க, அந்தக் கடைக்காரன் சொன்ன ஐநூறு மடங்கே வெச்சுருங்க டீச்சர்!"

கண்ணாடியின் விட்டத்தைப் பார்த்து வாங்குங்கள் என்று ஊருக்கெல்லாம் அறிவுரை சொல்லும் நான், இப்போது வீட்டுக்காரரின் ராசியைக் கேட்டுக்கொண்ட பிறகே தொலைநோக்கியைத் திருப்புகிறேன்.