கிரேன்காரி கீழே நின்ற மத்தியானம்

ஆகாயத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, மலை மலையான சரக்குப் பெட்டிகளைப் பூப்போல இறக்கி வைத்தவள் அவள். துறைமுகத்தில் அவளுக்கு முன் எந்தப் பெண்ணும் அந்தக் கூண்டில் ஏறியதில்லை. அதனால் குடியிருப்பிலும் அவளுக்குக் கிரேன்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அப்படிப்பட்டவள் நாற்பது வயதுகூட ஆகாமல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். காரணம் இளைய மகன். காய்ச்சல் முற்றி அவனுக்கு வலிப்பு வந்த அன்று அவள் கூண்டில் இருந்தாள். கூண்டுக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. பிள்ளைகள் அத்தை என்று கூப்பிடும் எதிர்வீட்டுத் தையல்காரிதான் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வேலை முடிந்து இவள் அலறியடித்துப் போய்ச் சேர்ந்தபோது, கண் விழித்த பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அத்தை எங்க?"

அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் ஆணியாய் இறங்கிவிட்டது.

வேலையை விட்ட பிறகும் ஆணி அசையவில்லை. பொத்தான் அறுந்தால் அத்தை, பசித்தால் அத்தை, முழங்காலில் அடிபட்டால் அத்தை. பிள்ளைகள் இரண்டும் எதிர்வீட்டுக்கே ஓடின.

"இருபது டன்ன அசைச்சவ, ஒரு வாண்ட அசைக்க முடியலியே!" என்று கணவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று காலை மூத்த மகள் பள்ளிக்கூடம் போனதும் அவள் தையல்காரியின் வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே சின்னவன உள்ள விடாதீங்க. நான்தான் வீட்ல இருக்கேனே. எதுக்காக வேலைய விட்டேன்?"

தையல்காரி உதட்டில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்தாள். முகம் சுண்டிவிட்டது.

"உன் பிள்ளதாம்மா. நான்தான் நடுவுல மறந்துட்டேன்."

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது.

மத்தியானம் மொட்டைமாடியில் துணி உலர்த்திவிட்டு வந்து பார்த்தால் இளையவனைக் காணோம். கொல்லைப்புறத்திலிருந்து கூச்சல். படியில் உருண்டு விழாத குறையாக இறங்கி ஓடினாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் இரும்பு ஏணி தையல்காரியின் பின்ஜன்னலை ஒட்டி மேலே போகிறது. வாசல் கதவு திறக்கவில்லை என்றதும் ஜன்னலைத் தட்டிக் கூப்பிடலாம் என்று பிள்ளை ஏறியிருக்கிறான். இரண்டாம் மாடி உயரம். ஜன்னல் எட்டவில்லை. கீழே பார்த்தவன் வெலவெலத்துப்போய்க் கம்பியைக் கட்டிக்கொண்டு தொங்கினான்.

"எறங்குடா!" "அசையாத!" "மேல போயிடு, தம்பி!" ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். பிள்ளை ஒரு காலை எடுப்பதும் வைப்பதுமாகத் தவித்தான்.

அவள் ஏணியில் கால் வைத்தாள். சுவரிலிருந்து கழன்ற ஏணி கடகடவென்று ஆடியது. பிள்ளை வீறிட்டான். காலை எடுத்துவிட்டாள்.

கிரேன் வேலையில் ஒரு சட்டம் உண்டு. கீழே எத்தனை பேர் நின்றாலும் கூண்டில் இருப்பவருக்குக் கை காட்டி வழி சொல்கிறவன் ஒருவன்தான். இரண்டு பேர் கை காட்டினால், தொங்குகிற பாரம் யார் தலையிலாவது இறங்கும்.

"எல்லாரும் வாய மூடுங்க!"

கப்சிப்.

"கண்ணா, அம்மா இருக்கேன்டா. ஒரு கால மட்டும் கீழ வை."

அவன் தலையை ஆட்டினான். "அத்தை! அத்தை வேணும்!" ஒரு கை கம்பியை விட்டு ஜன்னல் பக்கம் நீண்டது.

இன்னொரு தரம் கூப்பிட்டுப் பார்க்கலாமா? கேட்கவேண்டிய குரல் தன்னுடையது அல்ல என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சு வெடித்தாலும் தெரிந்துவிட்டது.

"அக்கா! நான் சொன்னதெல்லாம் மன்னிச்சிடுங்க. ஜன்னலத் தொறங்க அக்கா!"

தையல் இயந்திரத்தின் ஓசை நின்றது. ஜன்னல் திறந்தது.

"ஐயோ, என் ராசா!" தையல்காரி இரு கைகளையும் நீட்டினாள். பிள்ளை அந்தப் பக்கம் சாய்ந்தான்.

"கைய உள்ள இழுங்க! எட்டாதுக்கா, தாவிடுவான்! பேசுங்க. நீங்க மட்டும் பேசுங்க. நான் வாயே தொறக்கல."

தையல்காரி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். குரல் நடுங்கியது, உடையவில்லை.

"டேய், அத்தையப் பாரு. ரெண்டு கையாலயும் புடி. ஆங்... இப்ப வலது கால். சோறு திங்கற கைப் பக்கம்டா! அதான். அடுத்தது..."

பாதிவழியில் ஒரு கால் வழுக்கி அந்தரத்தில் உதைத்தது. தொண்டைவரை வந்த அலறலைத் தாய் விழுங்கினாள். கால் மறுபடி கம்பியைத் தேடிப் பிடித்தது. கடைசியில் அந்தக் குட்டிக் கணுக்கால் அவள் உள்ளங்கையில் வந்து சேர்ந்தது. அள்ளி அணைத்துக்கொண்டாள்.

பிள்ளையோ திமிறிக் குதித்து, விடுவிடென்று மாடிப்படி ஏறி ஓடினான். விரித்த கைகள் விரித்தபடியே நின்றன.

அவளும் பின்னாலேயே ஏறினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. வெட்டிய துணிகளுக்கு நடுவே, அத்தையின் மடியில் பிள்ளை.

"என்ன, வாசல்லயே நிக்கறதா வேண்டுதலா? உள்ள வா," என்றாள் தையல்காரி, மூக்கை உறிஞ்சியபடி.

அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா நீ அப்புறம் கூப்பிடவே இல்ல?" என்றான் பிள்ளை.

"அத்தை சொன்னாத்தான் நீ எறங்குவ. அதான்."

கொஞ்சம் யோசித்தான். "அடுத்த தடவ நீ கூப்பிடு. எறங்கறேன்."

"அடுத்த தடவையா!" தையல்காரி மர அளவுகோலை ஓங்கினாள். "ஏறித்தான் பாரேன், முதுகுத் தோல உரிச்சு உனக்கே சட்டை தச்சுப் போடறேன்!"

பிள்ளை பயந்து துள்ளி எழுந்தான். ஒரே ஓட்டமாய் ஓடி, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து, அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டான்.

கிரேன்காரி இம்மிகூட அசையவில்லை.