கெட்ட சீட்டே இல்லாத கட்டு

முன் அறையிலிருந்து சீட்டுக் கலைக்கும் சத்தம் வந்தது. குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த தேவகுமாரியின் கை அப்படியே நின்றுவிட்டது. அவளுடைய பழைய கட்டு காய்ந்த சருகைப் போல மெல்லத்தான் சலசலக்கும். இது தடித்த, புதுச் சீட்டுகளின் சத்தம். லண்டனிலிருந்து வந்த கட்டை பராசக்தி எடுத்துவிட்டாள்.

"அதைத் தொடாதையும், பராசக்தி. நான் இன்னும் பாத்து முடிக்கேல்லை."

"சும்மா படம் பாக்கிறன் ரீச்சர். நல்ல வடிவாக் கிடக்கு."

யாழ்ப்பாணத்து உடுவிலில் தேவகுமாரியைப் பாதிப்பேருக்குத் தையல் ரீச்சராகத் தெரியும். மற்றப் பாதிப்பேர் துக்கம் தாங்காமல் பின்வாசலால் வருகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலில் முன் வாங்கில் இருந்து கீதம் பாடுகிறவள், திங்கட்கிழமை சீட்டுப் போட்டுக் குறி பார்க்கிறாள் என்று போதகருக்கும் காதில் விழுந்திருந்தது. ஒருமுறை கேட்டும்விட்டார். "நான் சொல்லுறது கொஞ்சம் ஐயா, அதுகள் அழுறதைக் கேக்கிறதுதான் கூட" என்றாள். அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவள் சிறுமியாக இருந்த ஊரடங்கு நாட்களில், அப்பாவும் அயலவர்களும் முந்நூற்றிநாலு விளையாடுவார்கள். இரண்டிலிருந்து ஆறு வரையான சின்னச் சீட்டுகள் அந்த ஆட்டத்தில் சேராது. அப்படி ஒதுக்கிப் போட்டவற்றைப் பொறுக்கி வைத்துத்தான் அவள் குறி பார்க்கப் பழகினாள். சிவப்பு வந்தால் நல்லது. கறுப்பு ஸ்கோப்பன், அதாவது ஸ்பேட், வந்தால் கண்ணீர். கணவர் எட்வேர்ட் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் எடுத்ததெல்லாம் கறுப்பு. அந்தக் கட்டை அவள் வெறுத்தாள். ஆனால் எறியவில்லை. அது அவளிடம் பொய் சொன்னதில்லை.

புதுக் கட்டை அனுப்பியவள் தங்கையின் மகள் றெபேக்கா. "தேவதைச் சீட்டு, பெரியம்மா. இஞ்சை எல்லாரும் இதைத்தான் பாக்கினம். சரியாச் சொல்லுதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ, அம்மாவுக்கும் ஒண்டு வாங்குவன்" என்று போனில் சொல்லியிருந்தாள். சீட்டுக்குச் சீட்டு பச்சைக் காடு. இலைக்கிடையில் சிறகு முளைத்த குமரிகள். கீழே ஆங்கிலத்தில் ஒரு வாக்கு.

எந்தக் கட்டையும் சோதிக்க தேவகுமாரியிடம் இருந்த வழி ஒன்றுதான். விடை தெரிந்த கேள்வியைக் கேட்பாள். அன்று காலையில், "எட்வேர்ட் வீட்டுக்கு வருவாரோ?" என்று கேட்டு ஒரு சீட்டை எடுத்தாள். விளக்கேந்திய தேவதை ஒருத்தி வாசற்படியில் நின்றாள். "வழியில் இருக்கிறார்" என்று எழுதியிருந்தது. சேமக்காலையில் அடக்கம் செய்த மனுசன். தெரிந்திருந்தும் அவளுடைய கண் ஒருகணம் வாசல் படலைப் பக்கம் போனது. அந்த ஒருகணம் அவளைப் பயமுறுத்திவிட்டது. பிறகு கட்டு முழுவதையும் மேசையில் மலர்த்திப் பார்த்தாள். ஒரு கெட்ட சீட்டுக்கூட இல்லை.

தேநீரோடு அவள் முன் அறைக்கு வந்தபோது, பராசக்தி ஒரு சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"இதைப் பாருங்கோ ரீச்சர். தானா வந்திது."

பெரிய மரம். அதன் வேரில் தலைவைத்து ஓர் இளைஞன் உறங்குகிறான். சுற்றிலும் தேவதைகள்.

தேவகுமாரி தேநீரை மெல்ல மேசையில் வைத்தாள். பராசக்தியின் ஒரே மகன் கோகுலன் ஏஜென்சிக்காரனை நம்பி ரஷ்யாவுக்குப் போய், அங்கிருந்து பெலாரஸ் காட்டு வழியாகப் போலந்துக்குள் நுழையப் பார்த்தவன். போன மாரியோடு அவனுடைய குரல் நின்றுபோயிற்று. கூடப் போய் ஜேர்மனி சேர்ந்த ஜெயசுதன்தான் கடைசியாகக் கண்டவன். 'பனிக்குள்ளை ஒரு மரத்தடியிலை இருந்தவன் அன்ரி. கொஞ்சம் நித்திரை கொண்டிட்டு வாறன், நீங்கள் நடவுங்கோ எண்டவன்.' அதற்குமேல் அவனுக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

"உவையள் ஆர், உங்கடை தேவதூதரோ?" என்று பராசக்தி படத்தைக் காட்டிக் கேட்டாள்.

"இல்லையப்பா. உது வெள்ளைக்காரன்ரை மோகினியள்."

பராசக்தி சிரித்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு சிரிப்பு. "அதுதானே பாத்தன். இத்தினை குமரியள் சுத்தி நிண்டால் அவன் எழும்பி வருவானே? கள்ளன்." சிரிப்பு பாதியில் உடைந்தது. "கீழை என்ன எழுதிக் கிடக்கு?"

"ஓய்வெடு. உன்னை நேசிப்பவர்கள் காவல் நிற்கிறார்கள்."

"அப்ப இருக்கிறான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதை நீங்கள் ஒருக்கா எங்கடை மனுசனிட்டைச் சொல்லவேணும். வாற அமாவாசைக்கு ஐயர் நாள் வைச்சிட்டார். உடம்பு கிடைக்காததுக்குத் தர்ப்பையிலை உருவம் செய்து எரிக்கிறதாம். உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு எப்பிடி ரீச்சர் கொள்ளி வைக்கிறது? நீங்கள் சொன்னால் அவர் நிப்பாட்டுவார்."

சரியென்று ஒரு சொல் சொன்னால் போதும். அவளுடைய கணவர் கேதீஸ்வரனும் தலையாட்டிவிடுவார். ஆனால் இந்தத் தாய் எத்தனை மாரிக்கு ஒவ்வொரு படலைச் சத்தத்துக்கும் எழுந்து ஓடுவாள்? காலையில் தன்னுடைய கண் போன இடத்தை தேவகுமாரி நினைத்துப் பார்த்தாள்.

"இரும் பராசக்தி. ஒண்டு சொல்லுறன், என்னைக் கோவிக்கப்படாது. காலமை இந்தக் கட்டிட்டை எட்வேர்ட் வருவாரோ எண்டு கேட்டன். வாறார் எண்டு சொல்லிச்சு."

பராசக்தி கையிலிருந்த சீட்டைக் குனிந்து பார்த்தாள்.

"இதுக்கு இல்லை எண்டு சொல்லத் தெரியாது. அப்பிடியொரு சீட்டே இதிலை வைக்கேல்லை."

"தெரியாட்டி என்ன?" பராசக்தி விடவில்லை. "எம்பசி இல்லை எண்டுது. ஏஜென்சிக்காரன் போனே எடுக்கிறானில்லை. இவர் இல்லை எண்டுறார். ஒரு கடதாசிக் கட்டாவது எனக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டுப் போகட்டுமே."

தேவகுமாரிக்கும் கண் நிறைந்துவிட்டது.

பராசக்தி சீட்டை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள். "உங்கடை பழசு எங்கை?"

"வேண்டாம்."

"தாங்கோ ரீச்சர்."

அலுமாரியிலிருந்து பழைய கட்டு வந்தது. ஓரம் தேய்ந்து, அழுக்கேறி, சருகுபோல மெலிந்த சீட்டுகள். பராசக்தி அதை வாங்கிக் கலைத்தாள். மறுபடியும் கலைத்தாள். ஒரு சீட்டை உருவப்போனாள். எடுக்கவில்லை. கட்டைப் பூப்போலப் பக்குவமாக மேசையில் வைத்தாள்.

"சிவப்பு வருமெண்டு நம்பியிருந்தால் எடுத்திருப்பன் ரீச்சர்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அழுதாள். மகனுடைய குரல் நின்ற நாளிலிருந்து அடக்கிவைத்ததெல்லாம் மடை உடைத்துக்கொண்டு வந்தது. தேவகுமாரி அவளுடைய தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

அழுகை ஓய்ந்ததும் பராசக்தி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஆறிப்போன தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

"இனி அவரிட்டை நான் என்னெண்டு சொல்லுறது?"

"ஒண்டும் சொல்ல வேண்டாம். அமாவாசை அண்டைக்கு அவருக்குப் பக்கத்திலை போய் இரும். அவரும் தனியத்தானே அழுறார்."

"நீங்களும் வருவியளோ? உங்கடை ஆக்கள் ஒண்டும் சொல்லமாட்டினமோ?"

"சொன்னால் சொல்லட்டும். வாறன்."

பராசக்தி எழுந்து, எப்போதும் போகிற பின்வாசலை விட்டு, முன்வாசலால் இறங்கினாள். மத்தியான வெயிலில் ஒழுங்கை வெறிச்சோடிக் கிடந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் திரும்பிப் பாராமல் நடந்தாள். அவள் வளைவில் மறையும்வரை நின்று பார்த்துவிட்டு, தேவகுமாரி கதவைச் சாத்தினாள்.