சித்திரை வெயிலில் எரியாத ஹீட்டர்

காஞ்சிபுரத்தில், சித்திரை மாதம், பகல் பதினொரு மணிக்கு, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய வேனுக்குள் உட்கார்ந்துகொண்டு ஹீட்டர் எரியவில்லையே என்று அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெளியே ரோட்டில் தார் இளகிக் கிடந்தது. உள்ளே என் வீட்டுக்காரர், பனியன் முழுக்க நனைந்து, சூடான காற்று வரவேண்டிய ஓட்டையில் கையை வைத்துப் பார்த்து, "இன்னும் சூடு வரல" என்றார். அவருடைய வியர்வை அந்த ஓட்டைக்குள்ளேயே சொட்டியது.

இது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அவர் முப்பத்தோரு வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுமாதம், ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்ட மஞ்சள் வேனை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, விளக்கு, மின்விசிறி எல்லாம் வைத்து அதை ஒரு வீடாக்கப் போவதாகச் சொன்னார். இருக்கிற வீட்டில் குழாய் ஒழுகி ஆறு மாதம் ஆகிறது என்றேன். அது அவர் காதில் விழவில்லை. "வாழ்நாள் பூரா அம்பது அறுவது பேர ஏத்திக்கினு போனேன். இனிமே ஒருத்தியத்தான் ஏத்திக்கினு போவேன்" என்றார். நான் கோபமாக இருக்கும் நேரம் பார்த்து இப்படி எதையாவது சொல்லிவிடுவது அவர் வழக்கம். நான் குழாயை மறந்துவிட்டேன்.

எங்கே போகலாம் என்று கேட்டார். பனி பார்க்க வேண்டும் என்றேன். யோசிக்காமல் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எத்தனை நாள் ஆசை என்று எனக்கே தெரிந்தது. நான் பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிறவள். பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டேன். திருப்பதி, பழனி, சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி, இவ்வளவுதான் நான் பார்த்த வெளியூர். ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் கட்டிக்கொள்ளும் பனியைக் கரண்டியால் சுரண்டும்போது, யாரும் பக்கத்தில் இல்லையென்றால், ஒரு கை அள்ளிக் கன்னத்தில் வைத்துக்கொள்வேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மணாலிக்கு மேலே வைகாசியிலும் பனி கிடக்கும் என்று அவர்தான் விசாரித்து வந்தார்.

குறுக்கே இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று என் நெஞ்சு. குளிர் பட்டால் இழுப்பு வந்துவிடும். டாக்டரிடம் கேட்டோம். "தாராளமா போங்கம்மா. ஆனா படுக்கிற எடம் சூடா இருக்கணும். அது இல்லன்னா போவாதீங்க" என்றார். இன்னொன்று, ஆவணியில் என் மகளுக்குப் பிரசவம். குழந்தை பிறந்த பிறகு நான் எங்கும் அசைய முடியாது. அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயதில் எனக்கு அறுபது தாண்டியிருக்கும். இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அப்போது வாலாஜாபாத்துக்குப் போகக்கூட டாக்டர் யோசிப்பார். ஆகவே வைகாசியில் போனால்தான் உண்டு. ஹீட்டர் எரிந்தால் மணாலி, எரியாவிட்டால் ஃப்ரிட்ஜ்.

ஹீட்டரை மகன் வாங்கி அனுப்பினான். டீசலில் எரிந்து சூடான காற்றை ஊதுகிற ஒரு சின்னப் பெட்டி. எரிவது டீசல்தான் என்றாலும், பற்றவைக்கப் பேட்டரி வேண்டும். அதற்காக, வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற மாதிரி ஒரு பெரிய பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தோம். வயரிங் செய்ய வாலாஜாபாத்திலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். நாற்பது வயது இருக்கும், லாரிகளுக்கு வயரிங் செய்து பழகியவர், கையில் சுத்தம் உண்டு. பங்குனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வந்து ஒரே நாளில் வேலையை முடித்தார். அன்றைக்கே நான் வண்டிக்குப் பூஜையும் போட்டுவிட்டேன்.

விளக்கு எரிந்தது. மின்விசிறி ஓடியது. செல்போனுக்குச் சார்ஜ் ஏறியது. ஹீட்டரைப் போட்டால் மட்டும் உள்ளே ஏதோ கனைத்தது, ஒரு நிமிடம் ஊதியது, பிறகு சிவப்பு விளக்கு மினுக்கி நின்றுவிட்டது. மறுபடி போட்டால் மறுபடி கனைத்தது. மூன்று வாரம் இதே கதைதான்.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர். எந்த வண்டியும் மிரட்டினால் வழிக்கு வரும் என்பது அவர் அனுபவம். பெட்டியின் தலையில் தட்டினார். டீசலை வடித்துவிட்டுப் புது டீசல் ஊற்றினார். ஃபியூஸை மாற்றினார். ஃபியூஸ் போகவே இல்லையே என்றேன். "போவறதுக்கு முன்னாடி மாத்திட்டா நல்லது" என்றார். எலக்ட்ரீஷியன் இரண்டாவது தடவை வந்து மீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட் இருந்தது. ஹீட்டர் கனைக்கும்போது பெட்டியின் முனையில் வைத்தால் பத்துக்கு இறங்கியது. "பேட்டரி வீக்குக்கா" என்றார். கடைக்காரர் பேட்டரியை மாற்றிக் கொடுத்தார். புதுப் பேட்டரியிலும் பத்துதான். "அப்ப ஹீட்டர்தான் வீக்கு" என்றார். ஹீட்டரைத் திருப்பி அனுப்பி வேறு வரவழைத்தான் மகன். அதுவும் வந்து கனைத்தது. தெருவில் போகிறவர்கள், இந்த வெயிலில் யாருக்கு ஹீட்டர் என்று நின்று கேட்டார்கள். முதலில் விளக்கம் சொன்னேன். பிறகு, அப்பளம் காய வைக்க என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பதினொரு மணிக்குத்தான், என் வீட்டுக்காரர் கையை ஓட்டையிலிருந்து எடுத்துத் துண்டில் துடைத்தபடி, "சரி வுடு. அடுத்த வருஷம் போலாம்" என்றார். தட்டியிருந்தாலோ திட்டியிருந்தாலோ எனக்கு ஒன்றும் இல்லை. அவ்வளவு மெதுவாகச் சொன்னார். அடுத்த வருஷம் இல்லை என்று அவருக்கும் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கலவரப்பட்டுப் போய் மின்விசிறியைப் போட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன். மத்தியானம் வந்தார். இரண்டு பேரும் மறுபடி சிவப்பு வயரைப் பிடித்துக்கொண்டு பேட்டரியிலிருந்து ஹீட்டர் வரைக்கும் போனார்கள். மூன்று வாரமாக எல்லோரும் சிவப்பு வயரைத்தான் பார்த்தார்கள். கறுப்பு வயரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தறியில் பாவு நூலில் ஒரு இழை அறுந்தால் எங்கள் வீட்டில் அதைக் கண்ணால் தேட மாட்டார்கள். ஒரு முனையிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே போவார்கள். நான் ஹீட்டரைப் போடச் சொன்னேன். அது கனைக்க ஆரம்பித்ததும் கட்டிலுக்கு அடியில் குனிந்து, பேட்டரியிலிருந்து கறுப்பு வயர் மேல் விரலை ஓட்டினேன். வயர் சக்கரத்துக்கு மேலிருந்த தகரத்துக்குப் போய், அங்கே ஒரு போல்ட்டில் முடிந்தது. தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். சுட்டுவிட்டது. மூன்று வாரமாக அந்த வண்டியில் சூடேறிக்கொண்டிருந்த ஒரே பொருள் அந்தப் போல்ட்தான்.

"ஏம்பா, இது ஏன் இப்டி கொதிக்குது?" என்றேன்.

எலக்ட்ரீஷியன் குனிந்து பார்த்தார். பார்த்தவர் எழுந்து நின்று வெளியே தெருவைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"எர்த் சரியா ஒக்காரலக்கா" என்றார். "போன கரண்டு திரும்பி வர்ற எடம் அது. வெளக்குக்கு, ஃபேனுக்கு கொஞ்சம் போதும், வந்துடும். ஹீட்டருக்கு நெறைய வேணும், அதுக்கு இதுல வழி பத்தல."

"அது ஏன் ஒக்காரல?"

"அன்னிக்கு பெயிண்ட சொரண்டி பளபளன்னு வெச்சிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா அதும்மேல பொட்டு வெச்சிருந்திச்சி."

வைத்தது நான்தான். அந்த வெள்ளிக்கிழமை மஞ்சளைக் குழைத்து எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். ஸ்டியரிங், இன்ஜின், நாலு சக்கரம், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, இரண்டு பேட்டரி, ஒன்றையும் விடவில்லை. கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தபோது, சுரண்டிவிட்ட தகரம் பொட்டில்லாத நெற்றி மாதிரி இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. மஞ்சளைத் தாராளமாக அப்பி நடுவில் குங்குமம் வைத்தேன்.

"பாத்தேன்னு சொல்றியே, தொடைச்சிட்டுப் போல்ட்ட போடக் கூடாதா?"

"எப்டிக்கா தொடைக்கிறது?" என்றார். "நீங்க வெச்ச பொட்டு. சார் வேற பக்கத்திலயே நின்னுக்கினு இருந்தாரு."

அவரைத் திட்டவும் முடியவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் துடைத்திருக்க மாட்டேன். பேட்டரியும் மாறியது, ஹீட்டரும் மாறியது. பொட்டை மட்டும் யாரும் தொடவில்லை. அது இருக்கிறது என்று வாயால் சொல்லக்கூட அந்த மனிதருக்குக் கூசியிருக்கிறது.

எலக்ட்ரீஷியன் ஸ்பேனர் போட்டுப் போல்ட்டைக் கழற்றினார். அதற்கு மேல் கையை நீட்டவில்லை. உள்ளே மஞ்சள் காய்ந்து, கருகி, ஓரத்தில் துருவோடு ஒட்டிக்கிடந்தது. போல்ட் துளையைச் சுற்றிக் குங்குமம் மட்டும் அப்படியே இருந்தது. எலக்ட்ரீஷியன் உப்புத்தாளை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். எனக்குச் சாஸ்திரம் சம்பிரதாயத்தில் பெரிய பிடிப்பு கிடையாது. இருந்தாலும் கட்டியவர் பக்கத்தில் நிற்கும்போது, அவர் வண்டியில் நான் வைத்த பொட்டை என் கையாலேயே அழிக்க முடியவில்லை. அழித்தால்தான் பனி என்று தெரிந்தும் முடியவில்லை. அழித்துவிட்டு நாளைக்கு அவருக்கு ஒரு தலைவலி வந்தால்கூட நான் தூங்க மாட்டேன்.

"வேணாங்க. வேற எடத்துல சொரண்டி போட்டுக்கலாம்" என்றேன்.

"இங்க வேற எடம் இல்லக்கா. பக்கத்துல டீசல் பைப்பு போவுது" என்றார் எலக்ட்ரீஷியன்.

என் வீட்டுக்காரர் என் கையிலிருந்து உப்புத்தாளை வாங்கினார். முட்டி வலிக்கிறவர், ஒரு கையை ஊன்றி மெதுவாகக் கட்டிலுக்கு அடியில் படுத்தார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"உசுரோட இருக்கிற புருஷனே தொடைச்சா அது கணக்குல வராது."

உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் தேய்த்தார், தேவைக்கு மேலேயே தேய்த்தார் என்று நினைக்கிறேன். எழுந்தபோது தலையெல்லாம் மஞ்சள் தூள். எலக்ட்ரீஷியன் வயரை வைத்துப் போல்ட்டை முறுக்கி முடுக்கினார். முடுக்கிய பிறகு, "இப்ப மேல வெச்சிக்கோங்கக்கா, எவ்ளோ பெரிசா வேணும்னாலும் வெச்சிக்கோங்க" என்றார். போல்ட்டின் தலைமேல் வைத்தேன். சின்னதாகத்தான் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் ஹீட்டரைப் போட்டார். கனைத்தது. ஊதியது. ஒரு நிமிடம் ஆனது. சிவப்பு விளக்கு வரும் என்று மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. உள்ளே குபுக் என்று ஒரு சத்தம் கேட்டது, பிறகு காற்று வெதுவெதுப்பாகி, சூடாகி, அடுப்பின் மேல் குனிந்த மாதிரி முகத்தில் அடித்தது. எலக்ட்ரீஷியன் மீட்டரைப் பார்த்து, "பன்னண்டுல நிக்குதுக்கா" என்று சொல்லிவிட்டு, இந்தச் சூட்டில் தனக்கு வேலையில்லை என்று இறங்கிப் போனார்.

நாங்கள் இறங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வெளியே சித்திரை, உள்ளே அதைவிடக் கேவலம். வியர்வை ஆறாக ஓடியது.

"நிறுத்தட்டுமா?" என்றார்.

"இருங்க" என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

என் நெற்றிக் குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்கு வரைக்கும் இறங்கிவிட்டது. அவர் தோள் துண்டை எடுத்து என் முகத்துக்குக் கொண்டு வந்தார். கன்னத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், மூக்கு நுனியைத் துடைத்தார். நெற்றிக்குப் போன துண்டு அங்கே நின்றது. பொட்டைத் தொடாமல் சுற்றிலும் ஒற்றி எடுத்துவிட்டு, துண்டை மடித்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.