திறக்காத வாய்

போன வருஷம் பொங்கல் லீவு முடிந்த வாரம். என் மகள் ஒன்பதாவது படிக்கும் மதுராந்தகம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வைத்திருந்தார்கள். நான் படாளத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். அன்று மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜுக்கு அரிசி மூட்டை இறக்கிவிட்டு அப்படியே போனேன். காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. வாயில் இருந்த மாவாவை மட்டும் வாசலில் துப்பிவிட்டுக் கொப்பளித்துக்கொண்டேன். பாக்கையும் புகையிலையையும் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துத் தருவார்கள், அதுதான் மாவா. வண்டி எடுத்தால் கன்னத்தில் அது இருக்க வேண்டும். பல வருஷப் பழக்கம்.

மகள் மேஜையில் ஒரு மைக்ரோஸ்கோப் இருந்தது. முதலில் வெங்காயத் தோலைக் காட்டினாள். செங்கல் அடுக்கிய சுவர் மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது. ஒவ்வொரு கட்டமும் ஒரு செல்லாம். உள்ளே தெரியும் புள்ளி உட்கருவாம். செடிகொடியின் செல்லுக்குச் சுவர் உண்டு, நம் செல்லுக்குச் சுவர் கிடையாது, மெல்லிய சவ்வுதான் என்றாள். நான் ஐந்தாவதோடு நின்றவன். எனக்கே புரிந்தது.

மனுஷ செல்லைக் காட்ட, கன்னத்தின் உட்பக்கத்தைப் பல்குத்தும் குச்சியால் லேசாகச் சுரண்டி எடுக்க வேண்டும். காலையிலிருந்து அவளும் அவள் தோழியும் தங்கள் கன்னத்தையே சுரண்டி வலி எடுத்துவிட்டதாம். இப்போது எங்க அப்பா தருவார் என்று சுற்றி நின்றவர்களிடம் சொல்லிவிட்டாள். பிள்ளைகள், பெற்றோர், பக்கத்தில் அவள் அறிவியல் டீச்சர்.

வாயைத் திறந்தேன்.

"நல்லா தொறப்பா."

"தொறந்துகினுதான் கீறேன்."

"வெளையாடாதப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

நான் விளையாடவில்லை. இரண்டு தாடைக்குள்ளும் கயிறு கட்டி இழுத்த மாதிரி இருந்தது. அதற்கு மேல் போகவில்லை.

"ஷட்டர் ஜாம் ஆயிடுச்சுடா" என்றான் ஒரு பையன். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். எனக்கும் சிரிப்புதான் வந்தது. மகள் முகம் மட்டும் சுண்டிப்போனது. இருந்த இடைவெளியில் குச்சியை விட்டுச் சுரண்டினாள். தீப்பட்ட மாதிரி எரிந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

டீச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டார். கிட்டே வந்து, மூன்று விரலைச் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்று நிற்கும்படி வாய்க்குள் வைத்துப் பார்க்கச் சொன்னார். தானும் வைத்துக் காட்டினார். அவருக்கு மூன்றும் போனது. நின்றிருந்த பிள்ளைகளும் வைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் போனது. எனக்கு இரண்டாவது விரலே முட்டியது.

"காரம் பட்டா எரியுதா அண்ணா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

தூக்கிவாரிப்போட்டது. வீட்டு விஷயம் இவருக்கு எப்படித் தெரியும்? ஒரு வருஷமாக எனக்கும் என் மனைவிக்கும் அதுதான் சண்டை. மிளகாயை அள்ளிக் கொட்டுகிறாய் என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறேன். அவளும் குறைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் பிள்ளைக்கும் சேர்த்து உப்புச்சப்பில்லாத குழம்பு. இட்லியைப் பொடிசாகப் பிட்டுத் தின்பதும் எனக்குப் பழகிப் போயிருந்தது. ஏன் என்று யோசித்ததே இல்லை.

"எங்க அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார் டீச்சர். நாளைக்கே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

அதற்குள் மகள் கண்ணாடித் துண்டில் நீலச் சாயம் விட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்திருந்தாள். நாங்கள் பேசியது எதுவும் அவள் காதில் விழவில்லை.

"பாருப்பா, இது நீதான்."

குனிந்து பார்த்தேன். அப்பளத்தை உடைத்துப் போட்ட மாதிரி நீலமாகச் சில துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு.

"நல்லாகீதா?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் இப்படித்தாம்பா இருக்கும்."

மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் மரத்துப்போக ஊசி போட்டு, கன்னத்தில் துளி சதை எடுத்தார்கள். அதையும் அந்த மாதிரி மிஷினில்தான் வைத்துப் பார்ப்பார்களாம். முடிவு வரும்வரை வண்டி எடுக்கவில்லை. மனைவி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஒரு வருஷமா என் கொழம்ப திட்டிகினு இருந்தியே" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்குச் சோற்றில் மோர்தான் ஊற்றினாள்.

புற்று இல்லை என்று வந்தது. ஆனால் கன்னம் உள்ளே நார் நாராக இறுகிவிட்டது, முழுசாகப் பழையபடி ஆகாது, இனி பாக்கைத் தொட்டால் அடுத்தது புற்றுதான் என்றார் டாக்டர். தொடவில்லை. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து, வாயைத் திறந்து பழகச் சொன்னார்கள். தினமும் செய்கிறேன். ஒரு குச்சி கூடுவதற்கு மாதக்கணக்காகிறது. புதுக் குச்சியை மகள்தான் செருகுவாள்.

என் வாயில் நான் தினமும் சோறு போட்டேன், மாவா போட்டேன். அது மூடிக்கொண்டே வந்தது எனக்குத் தெரியவில்லை. "நல்லா தொறப்பா" என்று இப்போதும் அவள் சொல்கிறாள். அன்று அந்த மேஜையில் அவளுக்கு வேறு ஆள் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று நினைக்காமல் ஒரு நாளும் என்னால் வாயைத் திறக்க முடிவதில்லை.