நிறுத்துங்கள் என்று ஒரு சொல்

போன வாரம் செங்கம் சாலையில் ஒரு வேனில் ஏறினேன். சன்னலுக்கு மேலே இருந்த அறிவிப்பைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது: ‘பயணிகளால் கை, தலை வெளியே நீட்டப்படுதல் தவிர்க்கப்படல் வேண்டும்.’ பழைய பஸ்களில் ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ என்றிருக்கும். பாட்டு மாதிரி படித்துவிட்டுக் கையை உள்ளே இழுத்துக்கொள்வோம். இதைப் படித்து முடிப்பதற்குள் கை போய்விடும்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலைத் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் மனு அடித்துக்கொண்டிருந்தபோது, நான் இதைவிட மோசமாக எழுதினவள். பி.யூ.சி.யில் தமிழுக்கு நல்ல மார்க், அந்தத் திமிர். ‘வருகிறான்’ என்றால் பாமரத்தனம், ‘வருதல் நிகழ்கிறது’ என்றால் படிப்பு என்று நம்பியிருந்தேன். இப்போதும் எங்காவது கார்பன் தாள் வாடை அடித்தால், அந்த நாளைய ‘தல்’களும் ‘படல்’களும் வரிசையாக எழுந்து வருகின்றன. கூடவே பத்மாவதியம்மாவும்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. ஜைனக் குடும்பம், மல்லாட்டை விவசாயம். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. காலை பஸ் அவர் ஊரில் நிற்காமலே போய்க்கொண்டிருந்தது. ஒன்பதாவது படிக்கும் மகள் பாதி நாள் வீடு திரும்பிவிடுவாள்.

“இப்படியே போனா படிப்ப நிறுத்திடலாம்னு அவங்கப்பா சொல்லிட்டாருங்க.”

பஸ் கம்பெனி மேலாளருக்கு மனு அடித்துக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து வந்தார். பதிலே இல்லை. “என்னதான் எழுதினீங்க? படிச்சுக் காட்டுங்க” என்றார். நகலை எடுத்துக் கொஞ்சம் பெருமையாகவே படித்தேன்.

‘மேற்படி பேருந்து நிறுத்தப்படாமையால், மாணவியர் பள்ளி செல்லுதல் தடைப்படுதலும், கல்வி பாதிக்கப்படுதலும் நிகழ்ந்து வருதலை…’

அவர் முகம் சுருங்கியது. “ஏம்மா, இதுல பஸ்ஸ யாரு நிறுத்தல? யாரு ஓடறாங்க? என் பொண்ணு எங்க இருக்கா இதுல?”

எனக்குச் சுருக்கென்றது. தாளைத் தேடினேன். பெண் எங்குமே இல்லை.

“நீங்களே சொல்லுங்கம்மா” என்று புதுத்தாள் செருகினேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். எட்டேகாலுக்குப் பஸ் வருகிறது. நான்கு பெண்கள் கை காட்டுகிறார்கள். டிரைவர் பார்க்கிறார், நிறுத்துவதில்லை. பெண்கள் பின்னால் ஓடுகிறார்கள். போன திங்கட்கிழமை என் மகள் விழுந்து முழங்கால் கிழிந்தது.

கடைசி வரி வந்தபோது எனக்குப் பயம். ‘நிறுத்தினால் நன்றாயிருக்கும்’ என்று முடிக்கப் போனேன்.

“நிறுத்தினா நல்லாருக்கும்னு ஏம்மா இழுக்கறீங்க? நிறுத்துங்கன்னு போடுங்க.”

“பெரிய ஆளுக்கு நாம உத்தரவு போடலாமாம்மா?”

“நிறுத்துடான்னா சொன்னேன்? மரியாதையாத்தானே கேக்கறோம்.”

ஏவலிலும் பணிவு உண்டு என்பதை எந்த இலக்கண வகுப்பும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ‘எங்கள் ஊரில் பஸ்ஸை நிறுத்துங்கள்’ என்று அடித்தேன். அதற்கு மேலே ஒரு வரி நானாகச் சேர்த்தேன்: ‘படிப்பதுதான் இவர்கள் வேலை, பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுவது அல்ல.’ ‘படிப்பது’, ‘ஓடுவது’ இரண்டும் தொழிற்பெயர்தான்; அதன் மேல் எனக்குக் கோபமில்லை, பாருங்கள். ஆளை ஒளிக்கத்தான் அது உதவும் என்றிருந்தேன். ஒரு வாழ்க்கையையே ஒரு சொல்லில் கண்முன் நிறுத்தவும் உதவும் என்று அன்றுதான் தெரிந்தது.

இருபது நாளில் பஸ் நின்றது. பத்மாவதியம்மா மடி நிறைய அவித்த மல்லாட்டை கொண்டுவந்து மிஷின் பக்கத்தில் கொட்டினார். அந்தப் பெண் பிற்பாடு நர்ஸானாள். நானும் அதற்கப்புறம் எந்த மனுவையும் அடித்து முடித்ததும் சத்தம் போட்டுப் படித்துக் காட்டாமல் கொடுத்ததில்லை. கூட்டம் கூடியது, கடைக்காரர் இரண்டாவது மிஷின் வாங்கினார்.

இப்போது அந்த வரிசையில் ஒரு டைப்பிங் கடைகூட இல்லை. செல்போன் கடைகள். மனுவைக் கணினியில் போடுகிறார்கள். ‘குறையின் வகை’ என்று ஒரு பட்டியல் வருகிறது, விரலால் ஒன்றைத் தொட்டால் போதும். வேகம் ஜாஸ்திதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் வாக்கியம் எழுத இடமில்லை. எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, “அது அப்படி இல்லம்மா” என்று திருத்த ஆளும் இல்லை.