ஜோடி சேராத கண்கள்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஜோடி பார்ப்பது என் வேலை. இடது காலுக்கும் வலது காலுக்கும் வெட்டிய தோல்களை ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்து வைத்து, நிறம் ஒத்துப்போகாததில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். எட்டாவதோடு படிப்பை விட்டவளுக்குக் கண்தான் சர்டிபிகேட். அந்த வேலைக்கே ஆபத்து வந்தது ஒரு காலையில்.

மேஜைக்கு எதிரில் உட்காருகிறவள் என் முகத்தையே பார்த்தாள்.

“இன்னாக்கா, உன் கண்ணே ஜோடி சேரல! ஒரு கண் பாப்பா பெருசு, ஒண்ணு சின்னது. ஸ்டிக்கர் ஒட்டட்டா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லேசான தலைவலிக்கே மூளையில் கட்டி என்று முடிவு கட்டுகிற ஆள் நான். கைக்கண்ணாடியில் பார்த்தேன். இடது பாப்பா அகன்று கிடந்தது, வலது மிளகளவு. இதில் எது கெட்டது? ஜோடி சேராவிட்டால் எங்கள் மேஜையில் இரண்டையும் தள்ளிவிட மாட்டோம். சரியான நிறத்துக்கு அளவாக வைத்திருக்கும் மாஸ்டர் சாம்பிளோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, விலகியது எது என்று கண்டுபிடிப்போம். அவளையே சாம்பிளாக்கினேன். ஜன்னலோரத்தில் அவள் பாப்பா இரண்டும் என் வலதைப் போலச் சின்னது. வெளிச்சம் மங்கிய பசைப் பகுதிக்கு இழுத்துப் போனேன். அவளுடையவை விரிந்தன, என் வலதும் விரிந்து இடதை நெருங்கியது. இடது மட்டும் எங்கேயும் அசையவில்லை.

“பேஜார் பண்றியேக்கா. ஆஸ்பத்திரிக்குப் போ.”

வேலூர் கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் அப்படியே சொன்னேன். “வெளிச்சத்துல வித்தியாசம் ஜாஸ்தி, இருட்டுல கம்மி. பெருசா இருக்கிறதுதான் கெட்டது மேடம்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “என் டெஸ்ட்ல பாதிய நீங்களே முடிச்சிட்டீங்க.”

இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கால் துள்ளாதாம்; முட்டியைத் தட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு கண்ணிலும் ஒரு சொட்டு விட்டார். பாப்பாவைச் சுருக்குகிற மருந்து, ஆனால் நல்ல கண் சட்டையே செய்யாத அளவுக்குத் தண்ணீர் கலந்தது. கொஞ்ச நேரத்தில் இடது பாப்பா சுருங்கியது; வலது அப்படியே இருந்தது. கண்ணுக்குப் பின்னால் கடுகளவில் ஒரு நரம்பு முடிச்சு இருக்கிறதாம். பாப்பாவைச் சுருக்கும் நரம்பும், கிட்டத்தில் பார்க்க லென்ஸைத் திரட்டும் நரம்பும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. என்னுடையது எப்போதோ பழுதாகி, திரும்ப முளைத்தபோது, லென்ஸுக்குப் போக வேண்டியவை வழி மாறிப் பாப்பாவுக்கு வந்துவிட்டன. தனக்குரிய நரம்பில்லாமல் பட்டினி கிடந்த பாப்பாவின் தசை, அந்த ஒரு சொட்டுக்கே துள்ளியது.

“அப்ப கட்டி?”

“கட்டியும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. தூரத்தப் பார்த்துட்டு உடனே கிட்ட பார்த்தா தெளிய லேட்டாகும், அவ்ளோதான்.”

கம்பெனிக்குத் திரும்பி இதைச் சொன்னேன்; சூப்பர்வைசருக்கு அது போதவில்லை. “இந்தக் கண்ணை வெச்சிகிட்டு எப்டிம்மா செக்கிங்? பேக்கிங் போய்டு.”

எனக்கு அதற்குள் விஷயம் பிடிபட்டிருந்தது. மாஸ்டர் சாம்பிள் எதிர்ச் சுவரில் தொங்கும். நிமிர்ந்து அதைப் பார்த்து, குனிந்து தோலைப் பார்க்கும்போதுதான் இடது கண் பின்தங்கியது.

“அதை இறக்கி என் கையாண்ட வைங்க சார். அப்புறம் சோதிச்சுப் பாருங்க.”

இருபது ஜோடி கொண்டுவந்தார். அதில் மூன்றை வேண்டுமென்றே மாற்றி வைத்திருந்தார். நான் நான்கில் ஸ்டிக்கர் ஒட்டினேன்.

“நாலாவது நல்லதுதானே?” என்று அதை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தான் மாற்றி வைத்த மூன்றோடு அதையும் ஒதுக்கினார்.

சாம்பிள் அன்றிலிருந்து என் மேஜையில்தான் இருக்கிறது.